எங்கள் இல்லத்துப் பீட்சா

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் தம் மொழியைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதைப் பற்றிப் பலர் எழுதுகின்றனர், மேடைகளில் பேசுகின்றனர். அடுப்படியைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. மொழி பிள்ளைகளின் நாவில் தங்குவது போலவே உணவும் அவர்கள் நாவில்தான் தங்குகிறது. ஆகவே இந்தத் திங்கள் நான் எடுத்துக்கொண்ட பொருள் பீட்சா. அன்பர்கள் சிரிக்க வேண்டா. கோலார் தங்க வயலில் நான்கு தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தில், பாட்டியாகிய நான், தோசைக்கல்லின்மேல் பீட்சா சுடக் கற்றுக்கொண்ட வரலாற்றையே சொல்லப் போகிறேன். அதில் சிரிப்பதற்கும் இடம் உண்டு. சிந்திப்பதற்கும் இடம் உண்டு.

எங்கள் ஊரை அறியாத அன்பர்களுக்காகச் சில சொற்கள். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்குச் சுரங்கங்களின் நிருவாகத்தை ஏற்றது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து நம்மவர் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறினர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வெள்ளையர் வந்தனர். இத்தாலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளரும் வந்தனர். 1902ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பின்னர்ச் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்குச் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். அத்தகைய வெம்மையில் இறங்கி உழைத்த மனிதர்க்கு எது உணவாக இருந்தது? கேழ்வரகுக் களிதான்.

களி உண்டவர்க்குப் பசி எளிதில் எடுக்காது. ஒரு கைப்பிடி உருண்டையும், கொஞ்சம் கீரைக் குழம்பும், ஒரு பச்சை மிளகாயும் இருந்தால் ஒரு ஷிஃப்டு முழுவதும் தாங்கும் என்று என் மாமனார் சொல்லுவார். கோலார் மாவட்டத்து மண் கேழ்வரகுக்கு ஏற்ற மண். நாம் களி என்பதைக் கன்னட மக்கள் முத்தே என்பர். நாம் கேழ்வரகு என்பதை அவர்கள் ராகி என்பர். நாங்களும் நாளடைவில் ராகி என்றே சொல்லப் பழகிவிட்டோம். பெயர் வேறுபட்டாலும் உருண்டை ஒன்றே. மொழியின் பெயரால் எத்தனையோ மனத்தாங்கல்கள் வந்து போன இந்த நாட்டில், அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாரும் நானும் மாவு திரிக்கும் இயந்திரத்தின் முன் ஒரே வரிசையில் நிற்பதற்குக் காரணமாயிருந்தது இந்தச் சிறு தானியமே.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் மைய அரசின் பொறுப்பிற்குச் சென்று, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பெயர் பெற்றன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. அன்று முதல் எங்கள் ஊரின் வாழ்க்கை இருப்புப்பாதையின்மேல் ஓடுகிறது. மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் இரயில் வண்டிகளில், பொழுது புலருமுன்னே ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போவதற்கு, 100 கிலோமீட்டர் வருவதற்கு. என் மகனும் மருமகளும் அவ்வாறு செல்பவர்களே. வாரத்தில் ஆறு நாளும் வீட்டில் இருப்பவர் மூவர்: சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்த என் கணவர், நான், பத்து வயதுப் பேரன்.

பெங்களூருக்கு வெளிநாட்டுப் பீட்சாக் கடை வந்தது 1996ஆம் ஆண்டில். எங்கள் வீட்டிற்குள் பீட்சா நுழைந்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர், என் மகனின் கையில் இருந்த அட்டைப் பெட்டியின் வழியாக. சம்பள நாளன்று அவன் அதை வாங்கிக்கொண்டு இரயில் ஏறுவான். நெரிசலில் நசுங்காமல் மடியில் வைத்துக் காத்து, இரவு ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து சேர்ப்பான். அதற்குள் அது ஆறிப் போயிருக்கும். மேலே இருக்கும் பாலாடைக்கட்டி தோல்போல் இறுகியிருக்கும். ஆயினும் பேரனுக்கு அது திருநாள். தகப்பன் தன் நினைவாக நூறு கிலோமீட்டர் சுமந்து வந்த பொருள் அல்லவா? அந்த அன்பில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை.

என் கணவருக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உண்டு. இது எங்கள் வீட்டிற்கு மட்டும் உரிய செய்தி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையுடன் நடத்தப்பெற்று 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இதழைக் கையில் வைத்திருக்கும் அன்பர்களின் வீடுகளிலும் ஒருவருக்கேனும் அது இருக்கக்கூடும். ஆகவே பீட்சா வரும் நாளில் எங்கள் வீட்டில் இரண்டு பந்தி. கூடத்தில் அட்டைப் பெட்டியைச் சுற்றி இளையவர்கள். சமையலறை வாசலில் மணையிட்டு அமர்ந்து, களியும் கீரையுமாக என் கணவர். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுரங்கத்தில் பல்லாண்டு இருந்தவர்க்குத் தனிமை புதிதன்று போலும்.

ஒரு சம்பள நாளன்று பேரன் கையில் துண்டுடன் என்னிடம் வந்தான். “ஆயா, தாத்தாவுக்கு மட்டும் ஏன் களி? தாத்தா என்ன தப்பு செய்தார்?” என்று கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினான். என் கணவர் சிரித்தார். “தப்பு ஒன்றும் இல்லை, கண்ணு. தாத்தாவுக்கு இதுதான் பழக்கம்” என்று சொல்லிவிட்டு, தட்டில் பாதி இருக்கும்போதே கை கழுவ எழுந்தார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எந்த உருண்டையை உண்டு மூன்று தலைமுறை பாறையைப் பிளந்ததோ, அந்த உருண்டை நான்காம் தலைமுறையின் கண்ணுக்குத் தண்டனையாகத் தோன்றுகிறது. குழந்தையைக் குறை சொல்வதற்கில்லை. அவன் கண்டது அதுதானே? நல்லது நடக்கும் நாளில் பெட்டி வருகிறது. நோயுள்ளவர்க்குக் களி கிடைக்கிறது. எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் அமர்ந்திருந்த இடமே அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

மறுநாள் காலை, இரயிலுக்குப் புறப்படும் அவசரத்திலும் என் மருமகள் நின்று பேசினாள். “அத்தை, ஞாயிற்றுக்கிழமை நாமே வீட்டில் செய்து பார்ப்போமா? மாமாவும் உண்ணும்படியாக இருக்க வேண்டும்” என்றாள். அவளும் இரவு உறங்கவில்லை என்பது கண்களில் தெரிந்தது. அதன் பின் சில நாள்கள் பீட்சாவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தபின் எனக்கு ஏற்பட்ட வியப்பை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும்.

பீட்சா செல்வர் வீட்டுப் பண்டம் என்றே நாம் எண்ணுகிறோம். அது பிறந்த இடமாகிய நாபொலி நகரில், 18, 19ஆம் நூற்றாண்டுகளில், அது உழைக்கும் ஏழையரின் தெரு உணவு. அடுப்பு வைக்க இடம் இல்லாத சிற்றறைகளில் வாழ்ந்த கூலியாட்கள், தெருவில் விற்ற ஒரு துண்டை வாங்கி நின்றபடியே உண்டனர். இத்தாலி முழுவதும் அது பரவியதும்கூடப் பிற்காலத்தில்தான். மரினாரா என்று ஒரு வகை இன்றும் உண்டு. தக்காளி, பூண்டு, ஓரிகானோ என்னும் மூலிகை, எண்ணெய் ஆகியவை மட்டுமே அதன் மேல் இருக்கும். பாலாடைக்கட்டி அறவே கிடையாது. 1889இல் மார்கெரீட்டா அரசிக்காகச் செய்தது என்று கதை வழங்கும் மற்றொரு வகையில் பாலாடைக்கட்டி உண்டு. அதுவும் ஆங்காங்கே சில வில்லைகள்தாம்.

பின் அது எப்படிக் கனத்தது? இங்கேதான் நம்மைப் போன்ற குடியேறியவரின் கதை வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலட்சக்கணக்கான இத்தாலியர் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றனர். தாய்நாட்டில் அரிதாயிருந்த பாலாடைக்கட்டியும் இறைச்சியும் அங்கே எளிதாகக் கிடைத்தன. கையில் வளம் சேரச் சேர, ரொட்டியின்மேலும் சேர்ந்தது. மாவும் தடித்தது. ஊரில் பட்ட பசியை எண்ணியவர்கள் புதிய நாட்டில் தாராளமாக அள்ளி வைத்தனர், அது இயல்பே. நம் வீடுகளிலும் தீபாவளிக்கு நெய் மிதக்கிறது அல்லவா? திருநாள் உணவு அன்றாட உணவாக மாறும்போதுதான் உடல் கணக்குக் கேட்கிறது.

நாபொலியார் இன்றும் தம் பழைய அளவை விடவில்லை. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்த நாபொலிப் பீட்சாவின் இலக்கணப்படி, அதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். 2017இல் யுனெஸ்கோ அமைப்பு அந்நகரத்துப் பீட்சாக் கலைஞர்களின் கைத்தொழிலை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. மெல்லிய ரொட்டி, நல்ல தக்காளி, அளவான மேற்பொருள்: இம்மூன்றே அதன் உயிர். எனவே இலேசான பீட்சா செய்வது புதுமை ஒன்றும் அன்று. உழைப்பாளியின் உணவை அதன் பழைய உருவுக்குத் திருப்புவதே அது. இந்த உண்மை விளங்கியதும் என் மனம் தெளிந்தது. களியும் பீட்சாவும் ஒரே வகுப்பைச் சேர்ந்த உறவினர். இடையில் ஒருவர் செல்வராகிவிட்டார், அவ்வளவே.

இனிக் கணக்கிற்கு வருவோம். மைதாவை விடுத்துச் சிறுதானியத்தில் செய்தால் போதும், உணவு இலேசாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். தாளும் பென்சிலும் எடுத்து, நால்வர்க்கு வேண்டிய பீட்சாவை இருவகையாகக் கணக்கிட்டேன். முதல் வகையில் மைதா 250 கிராம், பாலாடைக்கட்டி 200 கிராம், எண்ணெய் 45 கிராம். இரண்டாவது வகையில் கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 150 கிராம், பாலாடைக்கட்டி 60 கிராம், எண்ணெய் 15 கிராம். தக்காளியும் காய்களும் இரண்டிற்கும் ஒன்றே.

முதல் வகை ஏறத்தாழ 2000 கலோரி. இரண்டாவது ஏறத்தாழ 1250 கலோரி. ஓராளுக்கு 500 என்பது 315 அளவிற்கு இறங்கியது. ஆனால் இந்த 750 கலோரி எங்கே குறைந்தது என்று பாருங்கள். மாவை மாற்றியதால் குறைந்தது 60 மட்டுமே. பாலாடைக்கட்டியைக் குறைத்ததால் 420. எண்ணெயைக் குறைத்ததால் 270. பாரம் முழுவதும் மேலே இருந்ததே அன்றி அடியில் இல்லை. சிறுதானியம் என்று பெயர் எழுதிய பெட்டியை நம்பி அதன்மேல் கட்டி கட்டியாகப் பாலாடைக்கட்டியை அடுக்குவோர் இதை நினைவில் கொள்ளுதல் நலம்.

அப்படியானால் கேழ்வரகு எதற்கு என்று கேட்கலாம். அதற்கு வேறு சிறப்புகள் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து உள்ளது; தானியங்களுள் இதற்கு ஈடு இல்லை. நார்ப்பொருளும் மைதாவைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. அதனால் சிறிதளவு உண்டாலே வயிறு நிறைகிறது. இன்னொரு துண்டுக்குக் கை நீளுவதில்லை. ஆயினும் நீரிழிவு உள்ளவர்கள் கேழ்வரகை மருந்தென எண்ணி அளவின்றி உண்ணலாகாது. அதிலும் மாப்பொருள் நிறைய உண்டு. நைசாக அரைத்த மாவு விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். எவ்வளவு உண்பது என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்வதே முறை.

இனிச் செய்முறை. முழுவதும் கேழ்வரகு மாவாகப் பிசைந்தால் ரொட்டி விரிந்துவிடும். கோதுமையில் குளூட்டன் என்னும் பசைத்தன்மை உள்ள புரதம் இருக்கிறது. அதுவே மாவை இழுத்துப் பிடித்து, உள்ளே எழும் காற்றை அடைத்துவைக்கிறது. கேழ்வரகில் அது இல்லை. ஆகவே கேழ்வரகு இரு பங்கு, கோதுமை மூன்று பங்கு என்பதே ஏற்ற அளவு. இதற்கும் களி கிண்டும் கையே உதவி செய்தது. 100 கிராம் கேழ்வரகு மாவில் 100 மில்லிலிட்டர் கொதிநீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி மூடிவைக்க வேண்டும். மாவு வெந்து பசைபோல் ஆகும். அது கை பொறுக்கும் சூட்டிற்கு ஆறியதும், 150 கிராம் கோதுமை மாவு, முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி தயிர், ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பத்து நிமிடம் பிசைதல் வேண்டும். சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாக இருப்பதே பதம்.

பிறகு ஈரத்துணியால் மூடி வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் மாவு ஏறக்குறைய இருமடங்காகும். எங்கள் ஊர் கடல் மட்டத்திற்கு 850 மீட்டர் அளவு உயரத்தில் உள்ளது. மார்கழி, தைத் திங்களில் குளிர் கடுமையாக இருக்கும். அந்நாளில் இட்லி மாவு புளிக்கவும் இரண்டு நாள் ஆகும் என்பது எம் ஊர்ப் பெண்கள் அறிந்த செய்தி. அப்போது மாவுப் பாத்திரத்தை வெந்நீர்த் தவலையின் அருகே வைத்தால் போதும். ஓவன் உள்ள வீடுகள் இங்குக் குறைவு. நாபொலியில் பீட்சா அடுப்பின் வெப்பம் 485 பாகை. ஒன்றரை நிமிடத்திற்குள் வெந்துவிடும். நம்மிடம் அது இல்லை என்று வருந்த வேண்டுவதில்லை. கனமான இரும்புத் தோசைக்கல்லும் இட்லிப்பானை மூடியும் இருந்தால் போதும்.

தக்காளிக்கு நாங்கள் எங்கும் செல்ல வேண்டியதில்லை. கோலார் நகரத்துத் தக்காளிச் சந்தை ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. பழுத்துச் சிவந்த 300 கிராம் தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, மசித்து, நான்கு பல் பூண்டு தட்டிப் போட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நீர் சுண்டும்வரை வதக்க வேண்டும். நீர் சுண்டாவிட்டால் மெல்லிய ரொட்டி ஊறிப் போகும். கடைகளில் தரும் ஓரிகானோப் பொட்டலத்திற்குப் பதிலாக, கொல்லையில் வளர்ந்திருக்கும் கற்பூரவள்ளியின் நான்கு இலைகளைப் பொடியாக அரிந்து சேர்த்தேன். ஓரிகானோவிற்கு மணம் தரும் கார்வக்ரால் என்னும் பொருள் கற்பூரவள்ளியிலும் உண்டு. சளிக்குக் கசாயம் வைக்கும் இலைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று அன்றுதான் வீட்டார் அறிந்தனர். ஒரு சிட்டிகை ஓமம் சேர்த்தால் மணம் இன்னும் கூடும்.

ஊறிய மாவை நான்கு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு சாண் அகலத்திற்கு, அதாவது 20 சென்டிமீட்டர் வட்டமாகத் தட்ட வேண்டும். தடிப்பு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டா. கல் நன்றாகக் காய்ந்ததும் இரண்டொரு துளி எண்ணெய் தடவி, வட்டத்தை இட்டு, கொப்புளம் எழும்வரை இரண்டு நிமிடம் சுட்டுத் திருப்ப வேண்டும். வெந்த பக்கத்தில் தக்காளிக் குழம்பைத் தடவி, மெல்லியதாக அரிந்த வெங்காயம், குடைமிளகாய், கொஞ்சம் முருங்கைக்கீரை தூவி, அவற்றின்மேல் 15 கிராம் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு, தீயைத் தணித்து, மூடியால் மூட வேண்டும். ஐந்து நிமிடத்தில் கட்டி உருகும். அடிப்புறம் மொறுமொறுப்பாகச் சிவக்கும். துருவிப் போடுவதால் கொஞ்சமே எங்கும் பரவி நிறைய இருப்பது போலத் தோன்றும். பாலாடைக்கட்டியில் உப்பு உண்டு. ஆகவே தக்காளியில் உப்புச் சேர்க்கவில்லை. இரத்தக் கொதிப்பு உள்ளவர்க்கு இது முதன்மையான செய்தி. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒவ்வொருவர்க்கும் ஒரு வேலை இருந்தது. மகன் தக்காளி உரித்தான். மருமகள் மாவு தட்டினாள். பேரன் கொல்லையிலிருந்து இலை பறித்து வந்தான். என் கணவர் வழக்கம்போல் சமையலறை வாசலில் மணையை எடுத்துப் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேரன்தான் அந்த மணையைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் போட்டான். “தாத்தா, இது களி மாவில்தான் செய்தது. உங்களுக்கும் உண்டு” என்றான்.

முதல் வட்டத்தை நான்காக அரிந்து, ஒரு துண்டை அவர் தட்டில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேழ்வரகின் கருஞ்சிவப்பு நிறம் விளிம்பில் தெரிந்தது. ஒரு வாய் உண்டார். “களி கருகின வாசனை அடிக்கிறதே!” என்றார். எல்லாரும் நகைத்தோம். ஆனால் அந்தத் துண்டை முழுவதும் உண்டார். அடுத்த துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பின்பு, சுரங்கத்தின் ஆழத்தில் ஓய்வு நேரத்தில் தூக்குப் பாத்திரத்தைத் திறக்கும்போது வரும் களியின் மணத்தைப் பற்றிப் பேரனுக்குச் சொல்லத் தொடங்கினார். அத்தனை ஆண்டுகளில் நானே கேட்டிராத செய்திகள் அவை. விளக்கொளியில் நான்கைந்து பேர் வட்டமாக அமர்ந்து, ஒருவர் கொண்டுவந்த குழம்பை மற்றவர் பகிர்ந்துகொள்வார்களாம். பேரன் வாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மணி பத்தாகியும் ஒருவரும் எழவில்லை.

இதனால் கடைப் பீட்சாவை எங்கள் வீடு துறந்துவிட்டது என்று எண்ண வேண்டா. சம்பள நாளில் சில வேளை அட்டைப் பெட்டி வரத்தான் செய்கிறது. பத்து மணி நேரம் வேலை செய்து, நான்கு மணி நேரம் இரயிலில் நின்று வரும் பிள்ளைகளிடம், வந்ததும் மாவு பிசையுங்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்களுக்குப் போதும். வார நாளில் பேரன் ஆசைப்பட்டால், முன்னிரவே மாவைப் பிசைந்து குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். கால் தேக்கரண்டி ஈஸ்ட் போதும், மெல்ல மெல்ல இரவெல்லாம் பொங்கும். பாலாடைக்கட்டி வாங்க இயலாத வாரத்தில், நீர் வடித்த கெட்டித் தயிரைப் பூண்டோடு கலந்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் ஆங்காங்கே வைக்கிறேன். என் கணவருக்கு அதுவே மிகவும் பிடித்திருக்கிறது. அவருக்கு ஒரு வட்டத்தில் பாதியும், ஒரு கிண்ணம் கீரையும், கொஞ்சம் வேகவைத்த கொண்டைக்கடலையும். அந்த அளவை நாங்கள் அனைவரும் பின்பற்றத் தொடங்கியிருக்கிறோம்; நோயாளியின் தட்டு, வீட்டாரின் தட்டு என்ற வேறுபாடு இப்போது இல்லை.

சமைக்கும்போது எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. இந்த வட்டத்தில் உள்ளவற்றுள் எது இந்த மண்ணில் பிறந்தது? கேழ்வரகு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலத்திலிருந்து வந்தது. கோதுமை மேற்கு ஆசியாவினது. தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்தவை. சமைப்பவளோ வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவரின் பேத்தி. வந்த மண்ணில் வேரூன்றி, அந்த மண்ணுக்கே உரியனவாகிவிட்ட பொருள்கள் இவை. கேழ்வரகைப் பார்த்து நீ எந்த ஊர் என்று இன்று யாரும் கேட்பதில்லை. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இது ஆறுதல் தரும் செய்தி.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் புதிய உணவைக் கேட்கும்போது, அது நமதன்று என்று தள்ளவும் வேண்டா. பழையதை வெட்கத்தோடு மறைக்கவும் வேண்டா. இரண்டையும் ஒரு கல்லின்மேல் இட்டுப் பாருங்கள். மாவை மெல்லியதாகத் தட்டுங்கள். மேலே இடுவதை அளந்து இடுங்கள். வீட்டில் யாருக்கு எது ஆகாதோ அதை மனத்தில் வைத்துக்கொண்டு அளவைத் தொடங்குங்கள். சென்ற வாரம் என் பேரன் தன் பள்ளித் தோழர் இருவரை அழைத்து வந்தான். ஒருவன் தமிழ்ப் பிள்ளை, மற்றவன் கன்னடப் பிள்ளை. இன்று என்ன என்று அவர்கள் கேட்டதற்கு, “ராகிப் பீட்சா. எங்கள் தாத்தா சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு போன மாவு” என்று அவன் விடை சொன்னதை அடுக்களையிலிருந்து கேட்டேன். மூன்றாவது வட்டத்தைக் கல்லில் இட்டுவிட்டு, நான்காவதற்கு மாவு போதுமா என்று பார்த்தேன். போதவில்லை. அடுத்த ஞாயிறு முதல் கால் கிலோவுக்குப் பதில் அரைக் கிலோ பிசைவதென்று முடிவு செய்திருக்கிறேன்.